மண்டாடியாரின் சிலையைக் கரைவலைப் பாட்டுக்கு வெளியே வையுங்கள்

திருகோணமலைக் கடற்கரையை அழகுபடுத்தும் பணிக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் நினைவுச் சிலைக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

கரைவலை இழுப்பை முன்னின்று நடத்திய எங்கள் மண்டாடியார் காலமான பின் நடந்த அந்தியேட்டிச் சடங்குக்கு நீங்கள் நேரில் வந்து, படத்துக்கு மாலை போட்டு, நாலு நல்ல வார்த்தை சொல்லிப் போனீர்கள். அதற்கு முதலில் நன்றி. எண்பதைக் கடந்தும் கயிற்றை விடாத ஒரு மனிதருக்குக் கடற்கரையில் சிலை வைப்போம் என்று அன்று நீங்கள் அறிவித்தபோது ஊரே கைதட்டியது. இடம் எது என்று மட்டும் நீங்கள் சொல்லவில்லை.

கடந்த வாரம் பெக்கோ வந்து குழி தோண்டி, கம்பி கட்டி, கொங்கிறீற் ஊற்றிவிட்டுப் போன பிறகுதான் இடம் தெரிந்தது. ஆறடிக்கு ஆறடி, மூன்றடி ஆழம், நாலு மூலையிலும் தலைநீட்டிக்கொண்டு நிற்கும் கம்பி. கரைவலைப் பாட்டின், அதாவது நாங்கள் வலை விட்டு இழுக்கும் இடத்தின், நட்டநடு. அளவுநாடா பிடித்துத் தேடியிருந்தாலும் இதைவிடப் பிழையான இடம் உங்களுக்குக் கிடைத்திராது.

எங்கள் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. அந்த அத்திவாரத்தைக் கிண்டி எடுத்து, சிலையைப் பாட்டுக்கு வெளியே வையுங்கள்.

கரைவலை என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் துண்டுப்பிரசுரத்தின் முன் அட்டையிலேயே எங்கள் வலைதான் இருக்கிறது. ஆனாலும் அத்திவாரத்துக்கு இடம் குறித்தவர் ஒருமுறையாவது வலை இழுப்பதைக் கடைசிவரை நின்று பார்த்திருப்பார் என்று எங்களால் நம்ப முடியவில்லை. அவருக்காகச் சொல்கிறோம்.

எங்கள் வலைக்கு ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 1,200 மீற்றர் கயிறு. கயிற்றின் நுனியில் கைவலை என்ற பக்கவலை. இரண்டு கைவலைக்கும் நடுவில் மீன் சேரும் பையான மடி. விடியப்புறம் தோணி வடக்குக் கயிற்றின் நுனியைக் கரையில் நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டு நேரே கிழக்கே போகும். கயிறு முடியும் இடத்தில் தெற்கே திரும்பி முதற் கைவலையை விடும், மடியை இறக்கும், மற்றக் கைவலையை விடும், பிறகு தெற்குக் கயிற்றை விட்டுவிட்டே கரைக்கு வரும். புறப்பட்ட இடத்துக்கும் வந்து சேரும் இடத்துக்கும் இடையில் சுமார் 400 மீற்றர். இதற்குப் பிறகு வலை கடலில் கிடக்கும், வேலை முழுக்கக் கரையில் நடக்கும்.

பக்கத்துக்குப் பதினைந்து பேர். இழுக்க இழுக்க வடக்கு அணி தெற்கேயும் தெற்கு அணி வடக்கேயும் நகர்ந்துகொண்டே வரும். கைவலை கரையைத் தொடும் நேரத்தில் இரண்டு அணிக்கும் நடுவில் 25 மீற்றர்தான் இருக்கும். அந்த 25 மீற்றர், 400 மீற்றரின் நடுப்பகுதியில் விழும். உங்கள் அத்திவாரம் கிடப்பதும் அங்கேதான். பாட்டின் இரண்டு ஓரங்களில் எங்கே வைத்திருந்தாலும் ஏதோ ஒரு வகையில் சமாளித்திருப்போம். முப்பது பேரும் ஒன்றுகூடும் இடத்தில், மீன் கரையேறும் இடத்தில், அதிக பாரம் கயிற்றில் இருக்கும் நேரத்தில் அது குறுக்கே கிடக்கிறது.

இழுப்பவர் எப்படி நடக்கிறார் என்பதையும் சொல்லவேண்டும். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு துண்டுக் கயிறு உண்டு. அதன் நுனி முடிச்சைப் பெரிய கயிற்றில் ஒரு சுற்றுச் சுற்றினால் பிடித்துக்கொள்ளும். கடலைப் பார்த்தபடி உடம்பின் பாரத்தைப் பின்னுக்குச் சாய்த்து, குதிக்காலை மணலில் ஊன்றி, பின்னோக்கி நடப்பார். கரையின் மேற்பக்கம் போய்ச் சேர்ந்ததும் முடிச்சைக் கழற்றிக்கொண்டு மறுபடி தண்ணீரோரத்துக்கு ஓடிவந்து முன்னால் சேர்ந்துகொள்வார். அப்படிப் பதினைந்து பேர் ஓயாமல் சுற்றுவார்கள். கடைசியில் நிற்பவர் வந்த கயிற்றைச் சுருட்டி அடுக்குவார். பின்னோக்கி நடப்பவருக்கு முதுகில் கண் இல்லை. ஆறடிக் கொங்கிறீற்றின் விளிம்பு முழங்காலின் பின்பக்கத்தில் இடித்தால் அவர் மல்லாந்து விழுவது மேற்சொன்ன கம்பிகளின் மேல். இதுவரை ஒருவருக்குக் காயம், நல்லகாலம் கெண்டைக்காலோடு போயிற்று.

விழாமல் தப்பினாலும் வலை தப்பாது. கயிறு அத்திவாரத்தில் தட்டியவுடன் அந்த அணி நின்று, இறுகிய கயிற்றைத் தூக்கி அந்தப் பக்கம் போடவேண்டும். பாரம் ஏறிய கயிற்றைத் தூக்குவதென்றால் முதலில் தளர்த்த வேண்டும். தளர்த்தினால் அந்தப் பக்கத்துக் கைவலை பின்வாங்கும், மற்றப் பக்கம் முந்தும், மடி ஒருச்சாய்ந்துவிடும். அடிக்கயிறு ஈயத்தோடு மணலை அணைத்து வரும்வரைதான் மீன் உள்ளே நிற்கும். அது ஒரு முழம் மேலெழும்பினால் போதும், சூடையும் கும்பிளாவும் அடியால் ஓடிவிடும். நெத்தலி கொஞ்சம் அசட்டு மீன், அது நிற்கும். பாரைக்குட்டி ஒருபோதும் நிற்காது. கரைக்கு ஐம்பது மீற்றர் வந்துவிட்ட மீனை இப்படிப் பறிகொடுப்பதைவிட வலை விடாமலே இருக்கலாம்.

இரண்டு கயிறும் சமமாக வருகிறதா என்று பார்ப்பதுதான் மண்டாடியின் முதல் வேலை. எங்கள் பெரியவர் தண்ணீரோரத்தில் நடுவில் நின்று, தோளில் கிடக்கும் சிவப்புத் துவாயை எடுத்து அசைப்பார். வடக்கே அசைத்தால் வடக்கு அணி மெல்ல வரவேண்டும், தலைக்கு மேல் சுற்றினால் இரண்டு பேரும் விரைய வேண்டும். மிதப்பு வரிசையின் வளைவைப் பார்த்தே எந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கிறது, எந்த அணி சோர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவார். சோர்ந்த அணிக்கு அம்பா என்ற தொழிற்பாடலை எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். அம்பாவின் ஒவ்வோர் அடியும் எத்தனை எட்டு நடப்பது என்ற கணக்கோடு வரும். வேகமான அம்பாவை எடுத்தால் முப்பது காலும் தானாக வேகம் பிடிக்கும். மடி நிறைந்து வந்தால் அதை மணலில் ஏற்ற விடமாட்டார். அலையிலேயே நிறுத்திக் கூடையால் அள்ளச் சொல்வார், ஏனென்றால் நிறைமடியைக் காய்ந்த மணலில் இழுத்தால் தையல் பிரியும், அடிமீன் நசியும். அவர் நின்ற அந்த நடு இடத்தில்தான் அவருடைய சிலைக்குக் குழி வெட்டியிருக்கிறீர்கள். அவர் நின்றது என்னவோ உண்மை. ஆனால் வலை வந்தால் அவர் விலகிக்கொள்வார்.

“மணல் போட்டு மூடிவிடுகிறோம், மேலே சிலையின் பீடம் மட்டும் தெரியும்” என்று உங்கள் ஒப்பந்தகாரர் சமாதானம் சொன்னார். அவர் இந்தக் கரையைப் பார்த்தது சோளகத்தில், தென்மேற்குக் காற்றுக் காலத்தில். இப்போது மணல் உயர்ந்து, கரை அகன்று, கடல் குளம்போலக் கிடக்கிறது. நவம்பரில் வாடை என்ற வடகிழக்குக் காற்றுப் பிடித்தால் அலை இதே மணலை அரித்து உள்ளே கொண்டுபோகும். நல்ல வாடையில் இந்தக் கரை ஆளின் இடுப்பளவுக்கு இறங்கும். மூன்றடி ஆழ அத்திவாரம் அப்போது முழுதாக வெளியே நிற்கும். அலை அதன் நாலு பக்கமும் சுழித்து இன்னும் ஆழமாகக் குடையும். ஒருநாள் அது சரிந்து அலையடிக்குள் விழும். தை மாசி போய்க் கடல் தணிந்து மணல் திரும்பி வரும்போது, சரிந்த கட்டையைப் பாதி மூடியும் மூடாமலும் வைக்கும். பங்குனியில் முதல் வலை விடும்போது அது எங்கே கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது, அடிக்கயிறுதான் கண்டுபிடிக்கும். உப்புத் தண்ணீர் பட்ட கம்பி துருவேறி உப்பி, கொங்கிறீற்றை வெடிக்க வைத்து, முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கும். மடியின் சிறுகண் வலை அதில் ஒருமுறை மாட்டினால் ஒரு நாள் தொழிலும் போய், வலை பொத்த நாலு நாளும் போகும்.

இதில் எங்களுக்கு அதிகம் உறைப்பது வேறொன்று.

2004 டிசம்பர் 26 க்குப் பிறகு இந்தப் பாட்டில் வலை விட முடியவில்லை. சுனாமி ஊருக்குள்ளிருந்து இழுத்துப்போன கூரைத் தகடு, வேலிக் கட்டை, கிணற்றுக் கட்டின் துண்டு, உடைந்த சுவர் எல்லாம் கடலடியில் கிடந்தன. நிவாரணமாகப் புது வலைகள் வந்தன. அதை விட்டவர்கள் முதல் நாளே கிழித்துக்கொண்டார்கள். மண்டாடியார் வலை வாங்க வரிசையில் நிற்காமல் முதலில் பாட்டைத் துப்புரவாக்கினார். ஒரு நீளக் கயிற்றில் முழத்துக்கொரு ஈயம் கட்டி, இரண்டு தோணிகளில் இரண்டு நுனியையும் பிடித்து, வலை இல்லாமல் வெறுங்கயிற்றைக் கரைவரை இழுப்பார்கள். கயிறு எங்கே தட்டி நிற்கிறதோ அங்கே மிதப்புக் கட்டி அடையாளம் வைத்து, ஆள் சுழியோடி, சிறியதைக் கையால் எடுத்து, பெரியதைக் கயிறு போட்டுக் கரையிலிருந்து இழுப்பார்கள். கரைவலை இழுக்கும் அதே ஆட்கள், அதே அம்பா, மடிக்குப் பதிலாகக் கல். அடுத்த சோளகம் முழுக்க அதுதான் நடந்தது. அதன்பிறகும் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் வெறுங்கயிறு இழுத்துப் பார்க்காமல் அவர் வலை ஏற்ற விட்டதில்லை.

இந்தப் பாட்டிலிருந்து கொங்கிறீற் பொறுக்கிய மனிதருடைய பெயரில் இந்தப் பாட்டில் கொங்கிறீற் ஊற்றியிருக்கிறீர்கள் ஐயா. தயவுசெய்து அதைக் கிண்டி எடுத்துவிடுங்கள்.

யுத்த காலத்தில் பாஸ் இல்லாமல் கடலுக்கு இறங்க முடியாது, இருட்டில் இறங்கவே முடியாது. விடியப்புறம் விடவேண்டிய வலையை வெயில் ஏறிய பிறகு விட்டு, கறிக்கும் காணாத மீனோடு திரும்பிய காலங்களிலும் அவர் பாட்டை விட்டுப் போகவில்லை. முறை பார்த்து வலை விடும் ஒழுங்கையும் அவர் விடவில்லை. இன்று உன் வலை, நாளை அவன் வலை. சொந்த மருமகனின் வலையாக இருந்தாலும் முறை தப்பினால் தோணியில் கைவைக்க விடமாட்டார். கயிற்றில் கை வைத்த யாருக்கும் கறிக்கு மீன் உண்டு என்பது அவருடைய சட்டம். படம் எடுப்பதற்காக இரண்டு நிமிடம் கயிற்றைப் பிடித்துச் சிரித்த வெள்ளைக்காரருக்கும் ஒரு கோர்வை கும்பிளா கொடுத்தனுப்பியிருக்கிறார். ஹோட்டல் அறையில் அந்த மனிதர் அதை என்ன செய்தாரோ!

சிலையின் வரைபடத்தையும் பார்த்தோம். தோளில் வீச்சுவலை, ஒரு கையில் கயிறு, முகம் கரையை நோக்கி, தேர்வடம் இழுப்பவர் மாதிரி முன்னால் சாய்ந்து நிற்கிறார். வீச்சுவலைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, அது களப்பில் நின்று வீசுவது. கரைவலைக்காரன் கடலுக்கு முதுகு காட்டி இழுப்பதும் இல்லை. எப்படியோ, சீமெந்து மண்டாடியார் கயிறு இழுப்பார், அதைப் பார்க்க ஆட்கள் வருவார்கள், அவருக்குப் பின்னால் உண்மையான கயிறு இழுக்க இடமிருக்காது. பீடத்தில் “பாரம்பரியத் தொழிலைப் போற்றுவோம்” என்று எழுதப்போவதாகவும் கேள்வி. அந்த வரியை எழுதுமுன் ஒருதரம் யோசித்துப் பாருங்கள்.

உல்லாசப் பயணிகள் வரக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் எத்தனையோ வீட்டில் அந்த வருமானத்தில்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் ஒருபுறம் சாய்கதிரை வரிசை தண்ணீரோரம் வரை வருகிறது, மறுபுறம் வேலி, நடுவில் நீர் மோட்டார் சைக்கிள் மிதப்பு வரிசைக்கு மேலால் பாய்கிறது. கடலிலிருந்து பார்த்தால் முன்பு கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை முனையும் கரையோரப் பனைகளும் எங்களுக்குக் குறி. இந்தப் பனையும் அந்தக் கூரையும் நேர்கோட்டில் வந்தால் இங்கே திரும்பு, அங்கே மடியை இறக்கு என்று மண்டாடியார் சொல்லிவைத்த குறிகளில் பாதி இப்போது மூன்று மாடிக் கட்டடங்களுக்குப் பின்னால். சுருக்குவலை, தங்கூசி வலை, வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பது, உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டிக் கரைவலை இழுப்பது, இவற்றைப்பற்றி எழுதிய மனுக்களுக்கு வந்த பதில்களை அடுக்கினால் ஒரு கோப்புக்கூட நிரம்பாது. கரைவலைக் கூலியாளுக்குப் படகும் இல்லை, படகுப் பதிவும் இல்லை. அவன் மீனவன்தான் என்று நிரூபிக்க அறுபது வருடத் தழும்பேறிய இடுப்பைக் காட்டினால் எந்தக் கருமபீடத்தில் ஏற்றுக்கொள்கிறார்கள்? மண்டாடியார் ஓய்வூதியம் பற்றி விசாரிக்கப் போனபோது கேட்ட கடிதங்களின் பட்டியல் அவர் வீட்டுப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. மாலைக்கு யாரும் கடிதம் கேட்கவில்லை.

மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டோம்.

சட்டத்தின் பக்கமும் ஒரு சொல். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் கட்டட வேலை செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும். எங்களில் ஒருவர் ஓலைக் கொட்டில் போட்டால்கூட அதைக் கேட்கிறார்கள். கேட்கவும் வேண்டும். இந்த அத்திவாரத்துக்குரிய அனுமதிப்பத்திரத்தின் பிரதியை எங்களுக்குக் காட்டுங்கள். கரைவலைக்கும் 1984 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. வலையைப் பதிந்து உரிமம் எடுத்துத் தொழில் செய்பவர்கள் நாங்கள். அழகுபடுத்தும் வரைபடத்தில் எங்கள் பாடு “வெற்று மணல்” என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அதைத் திருத்திக் “கரைவலைப் பாடு” என்று எழுதினால் இனிமேல் இப்படியான பிழை வராது.

சிலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. குடும்பத்தாருக்கு அதில் ஆசை இருக்கிறது, எங்களுக்கும் இருக்கிறது. மீன்பிடிக் கொட்டிலான எங்கள் வாடிக்குப் பின்னால், தாழம்பற்றைக்கு மேற்கே, றோட்டோரமாக மேட்டு நிலம் ஒன்று கிடக்கிறது. வாடைக் கடல் அங்கே வருவதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்குபவர்களுக்கும் முதலில் கண்ணில் படும். அங்கே வையுங்கள். முடிந்தால் முகத்தைக் கடல் பக்கம் திருப்பி, வீச்சுவலையை எடுத்துவிட்டு, தோளில் ஒரு துவாயைப் போட்டுவிடுங்கள். மிச்சப்படும் பணத்தில் பாட்டின் வடக்கு எல்லையிலும் தெற்கு எல்லையிலும் கரையின் மேற்பக்கத்தில் ஒவ்வொரு எல்லைக்கல் நட்டு, இடையில் எதுவும் கட்டக்கூடாது என்று எழுதி, அவருடைய பெயரைப் போட்டால் அதைவிடப் பெரிய மரியாதை அவருக்கு இல்லை.

அத்திவாரத்தை உடைப்பது இப்போது சுலபம். கொங்கிறீற் முழுப் பலத்துக்கு வர 28 நாள் எடுக்கும், இன்னும் பாதி நாள்கூட ஆகவில்லை. மேலே மட்டும் தட்டி மட்டம் பார்த்துவிட்டு அடியை மண்ணுக்குள் விட்டால் வாடையில் எல்லாம் வெளியே வரும். ஆதலால் முழுக்கட்டையையும் தோண்டி, கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி, உடைந்த சல்லிவரை பொறுக்கி ஏற்ற வேண்டும். நீங்கள் ஒரு பெக்கோவும் ஒரு டிப்பரும் அனுப்பினால் போதும். அலவாங்கும் மண்வெட்டியும் இருபது ஆட்களும் நாங்கள் தருகிறோம், கூலி வேண்டாம். பிற்பகலில் வாருங்கள், காலையில் வலை கிடக்கும். வேலை முடிந்த பிறகு உங்கள் பொறியியலாளர் முன்னிலையில் வெறுங்கயிறு ஒருமுறை இழுத்துப் பார்ப்போம். தட்டாமல் வந்தால் அன்றே எழுத்தில் நன்றி தருவோம்.

வாடை பிடிக்குமுன் இதைச் செய்து தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பாட்டின் வடக்குக் கயிற்றையும் தெற்குக் கயிற்றையும் சேர்ந்த கரைவலைத் தொழிலாளர்கள்,
திருகோணமலை